ஐந்து பாட்டில், ஒரு டோக்கன்

பாட்டில் கழுவத் தெரியாத கூட்டம் என்று அந்தத் தையல் கம்பெனியின் அறுநூறு பெண்களுக்கும் ஒரே நாளில் பெயர் கிடைத்துவிட்டது. துணி வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்த அம்மாள், மூன்றாவது லைனில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே பச்சைப் பாசி. "இதுலயா குடிக்கிறாங்க?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள். அவ்வளவுதான், மாடியில் மேனேஜருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவ எளிதான புது பாட்டில் வாங்க வேண்டும், அதையும் தொழிலாளிகளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கமிட்டி போட்டுவிட்டார்.

அடேயப்பா, என்ன அக்கறை! அந்தப் பாட்டிலிலிருந்து யாராவது குடிக்கிறார்களா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

குடித்தால் போக வேண்டி வரும். போக டோக்கன் வேண்டும். ஒரு லைனில் நாற்பத்திரண்டு பேர். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே டோக்கன், கயிறு கோத்த மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை. போர்டில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடி, ஆறு நிமிடத்தில் திரும்ப வேண்டும். அட்டை இல்லாத ஆளைச் செக்யூரிட்டி கதவைத் தாண்ட விடமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் போகலாமே என்பீர்கள். அரை மணி நேரம், எட்டு கக்கூஸ், அறுநூறு பேர். போய்ப் பாருங்களேன்!

அதனால் பெண்கள் சுலபமான ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். குடிப்பதே இல்லை. பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து, ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் நிறைந்த பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து டிக் அடிப்பார். அவருக்காக நிரப்பி வைத்த தண்ணீர்தான் மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. பாசி பிடிக்காமல் வேறென்ன செய்யும்?

கமிட்டிக்கு யார் போவது என்று பேச்சு வந்ததும் எல்லாரும் பாக்கெட் அக்காவைக் கை காட்டினார்கள். பன்னிரண்டு வருடமாக பேன்ட்டுக்குப் பாக்கெட் தைக்கிறாள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. வாய் உள்ளவள். சூப்பர்வைசருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர் வைத்ததே அவள்தான்.

அவளுடைய நாத்தனாரும் அதே லைனில்தான் இருந்தாள், காஜா மெஷினில், பட்டனுக்கு ஓட்டை போடும் வேலை. ஒரே வீடு, ஒரே சமையல், போக வர ஒரே நடை. அந்தப் பெண் இரண்டு மாதத்தில் இரண்டு தடவை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டாள். இரண்டாம் தடவை ரத்தமும் போனது. "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும், வந்தா அடக்கவே கூடாது. இன்னொரு தடவை வந்தா கிட்னியில போய் நிக்கும்" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மூணு லிட்டராம் அண்ணி, என்று ஆஸ்பத்திரி வாசலில் விழுந்து விழுந்து சிரித்தவள், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுதாள்.

கமிட்டி கூடிய நாள் காலையில் வேலைக்கு நடக்கும்போது நாத்தனார் விடவில்லை.

"என்ன சொல்லுவீங்க அண்ணி? எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

"பாட்டில் கிடக்கட்டும் மேடம், நாங்க குடிக்காததுக்குக் காரணமே டோக்கன்தான். லைனுக்கு ஒண்ணு பத்தாது, அஞ்சு குடுங்க. போதுமா?"

"அஞ்சு கேட்டா ரெண்டுதான் குடுப்பாங்க. பத்து கேளுங்க."

"பத்து கேட்டா என்னையே மூட்டை கட்டி அனுப்பிடுவாங்கடி!"

நாத்தனார் சிரிக்கவில்லை. அவள் நடையில் ஏற்கெனவே ஒரு தயக்கம் இருந்தது. "இன்னிக்குக் காலையிலேயே லேசா எரியுது அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

"டோக்கனைப் பத்திச் சொல்லிட்டுத்தான்டி மாடியிலேர்ந்து கீழ இறங்குவேன். நீ பாரு" என்றாள் பாக்கெட் அக்கா.

பதினொரு மணிக்கு ஸ்டாப்வாட்ச் தானே வந்து அவளை மாடிப்படி வரை கூட்டிப்போய் விட்டார். மேலே ஏசி அறை, நீள மேசை. மேனேஜர், வெல்ஃபேர் மேடம், செக்யூரிட்டி ஆபீசர், ஆய்வு அம்மாள், பாட்டில் விற்க வந்த சேல்ஸ்மேன். மேசை நடுவில் ஐந்து பாட்டில்கள் மணமேடையில் உட்கார்ந்த மாதிரி பளபளவென்று இருந்தன. பாக்கெட் அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

பாட்டிலைப் பற்றி அவளிடம் யாரும் பாடம் எடுக்க முடியாது என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. உறிஞ்சு குழாய் வைத்த முதல் பாட்டிலை சேல்ஸ்மேன் நீட்டி, "இப்ப எல்லாரும் இதுதான்க்கா வாங்குறாங்க" என்றான்.

"வாங்கட்டும் தம்பி. இந்தக் குழாய்க்குள்ள உன் விரல் போகுமா? இதுக்குன்னு குச்சி மாதிரி ஒரு பிரஷ் வாங்கணும். ஒரு வாரம் விட்டா உள்ள வழவழன்னு ஆயிடும்."

ஆய்வு அம்மாள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள். மேனேஜருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சும்மா பாத்துட்டு சொன்னா எப்படிம்மா? ஒவ்வொண்ணுலயும் குடிச்சுப் பாருங்க. வாய்க்கு வசதியா இருக்கணும்ல?" என்றார்.

வெல்ஃபேர் மேடம் ஆபீஸ் மெஷினிலிருந்து ஐந்து பாட்டிலிலும் குளிர்ந்த தண்ணீர் பிடித்து வந்தாள். பாக்கெட் அக்கா காலையிலிருந்து வாய் நனைக்கவில்லை. முதல் வாய் தொண்டையில் இறங்கியதும் கண்ணே சொருகிவிட்டது. இப்படி ஒரு தண்ணீரா! ஒரு வாய் போதும் என்று நினைத்தவள் பாதியைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தாள். நடுப்பகலில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. குடி குடி என்றுதான் சொன்னார்கள்.

இரண்டாவது பாட்டிலுக்கு வாய் குறுகல். "கை போகாது, பிரஷ் போனாலும் தோள்பட்டை மாதிரி வளையுதே, அந்த மூலைக்கு எட்டாது" என்று தள்ளினாள். மூன்றாவது ஸ்டீல். கழுவ நல்லதுதான் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் செக்யூரிட்டி ஆபீசர் குறுக்கே விழுந்தார்: உள்ளே என்ன கொண்டு போகிறார்கள் என்று வெளியிலிருந்து தெரிய வேண்டுமாம். நான்காவதற்குப் பட்டனை அழுத்தினால் திறக்கும் மூடி. அதைப் புரட்டி, நகத்தால் ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்துக் காட்டினாள். "இதுக்கு அடியிலதான் கறுப்பு அடையும். தினம் கழட்டணும், கழட்டினா தொலையும், தொலைஞ்சா ஒழுகும்." ஐந்தாவது கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக், அகல வாய், வெறும் திருகு மூடி. கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு அடியைத் தடவிப் பார்த்தாள். "இது போதும். ஒரு துணி இருந்தா துடைச்சிடலாம்."

ஐந்திலும் குடித்திருந்தாள். மொத்தம் ஒன்றரை லிட்டராவது இருக்கும்.

பாட்டில் முடிவாகிவிட்டது, இனி டோக்கனைச் சொல்ல வேண்டியதுதான் என்று அவள் வாயெடுத்தபோது மேனேஜர் சேல்ஸ்மேன் பக்கம் திரும்பிவிட்டார். முக்கால் லிட்டரா, ஒரு லிட்டரா? மூடி நீலமா, பச்சையா? கம்பெனி முத்திரை பக்கவாட்டிலா, அடியிலா? சேல்ஸ்மேன் பையிலிருந்து கலர் அட்டைகளை எடுத்துப் பரப்பினான். ஏசி காற்று நேராக அவள் காலில் அடித்தது. இருபது நிமிடம் போனது. அடிவயிறு கல்லாக இறுகியது.

முதலில் காலை மாற்றிப் போட்டாள். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று வயதுப் பெண், இரண்டு பிள்ளை பெற்றவள், ஆபீஸ் நாற்காலியை நனைத்துவிடுவோமோ என்று நடுங்கினாள். கடைசியில் மானத்தை விட்டு வெல்ஃபேர் மேடத்தின் காதருகே குனிந்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடறேன்."

மேடம் நல்லவள்தான். மெல்லிய குரலில் கேட்டாள்: "டோக்கன் கொண்டு வந்திருக்கீங்களா?"

"அது கீழ லைன்ல இருக்கு மேடம்."

"அப்ப இதை முடிச்சிட்டுக் கீழ போய் வாங்கிக்கங்கம்மா. இங்க இருக்கறது ஸ்டாஃபுக்கு, சாவியும் என்கிட்ட இல்ல. ரெண்டே நிமிஷம்."

இதைத்தானே சொல்ல வந்தாள்! இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? "கேட்டுக்கங்க சார், இப்ப மேடம் என்கிட்ட என்ன சொன்னாங்கன்னு கேட்டுக்கங்க" என்று எழுந்து ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும். அது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் எழுந்தால் அடக்கியது நிற்காது என்பதும் தெரிந்தது. எதிரே மூன்று ஆண்கள்.

அந்த நேரம் பார்த்து ஆய்வு அம்மாள் பேனாவை மூடிவிட்டு, அவளை நேராகப் பார்த்துக் கேட்டாள். "பாட்டிலைத் தவிர வேற ஏதாவது குறை இருக்காம்மா? தாராளமா சொல்லுங்க. நான் அதுக்குத்தான் வந்திருக்கேன். நேரம் இருக்கு."

அறையில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். மேனேஜர் கூட நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார். காலையில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்த வார்த்தைகள் வரிசையாக நாக்கில் நின்றன. சொன்னால் அந்த அம்மாள் கேள்வி கேட்பாள். எத்தனை பேர், எத்தனை நிமிடம், எப்போதிலிருந்து? மேனேஜர் மறுப்பார், செக்யூரிட்டி ஆபீசர் விதியைச் சொல்வார், ஸ்டாப்வாட்ச்சைக் கூப்பிடுவார்கள். அரை மணி நேரம் ஆகும். அரை மணி நேரம் அவளால் தாங்க முடியாது. ஐந்து நிமிடம் கூட முடியாது.

"ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் நல்லா இருக்கு" என்றாள் பாக்கெட் அக்கா.

அந்த அம்மாள் அதையும் எழுதிக்கொண்டாள். கையெழுத்து வாங்கினார்கள். அகல வாய் பாட்டிலை அவள் கையில் கொடுத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். சிரிங்கம்மா என்றார்கள், சிரித்தாள்.

படியில் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்தாள். கீழே மூன்றாவது லைனில் எல்லா மெஷினும் இரைந்துகொண்டிருந்தன. டோக்கன் யாரிடம் என்று கண் தேடியது. நாத்தனாரிடம் இருந்தது. எட்டரைக்குப் பெயரெழுதி, அப்போதுதான் முறை வந்து, கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வியர்வை. அண்ணியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"சொன்னீங்களா அண்ணி?"

இல்லையென்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள், நின்று கேட்பாள்.

"சொன்னேன்" என்றாள் பாக்கெட் அக்கா.

"என்ன சொன்னாங்க? குடுக்கறாங்களாமா?"

"ம்... குடுக்கறாங்க."

நாத்தனாரின் முகம் மலர்ந்த மலர்ச்சியை அவளால் பார்க்க முடியவில்லை. அண்ணி நிற்கிற நிலை அப்போதுதான் அந்தப் பெண்ணின் கண்ணில் பட்டது. முட்டியோடு முட்டி ஒட்டியிருந்தது, கை அடிவயிற்றில் இருந்தது. ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி அண்ணியின் கழுத்தில் மாட்டினாள்.

"முதல்ல நீங்க ஓடுங்க. எங்களுக்காகத்தானே மேல போய் மாட்டிக்கிட்டீங்க. நான் கடைசியில பேர் எழுதிக்கிறேன். இவ்வளவு நாள் பொறுத்தேன், நாளையிலேர்ந்து நிறைய இருக்கப் போவுது."

பாக்கெட் அக்கா வாங்கிக்கொண்டாள். வேண்டாமென்று சொல்லவில்லை, ஒப்புக்குக் கூடச் சொல்லவில்லை. போர்டில் இன்னும் பதினேழு பெயர்கள் இருந்தன.

கதவருகில் போய்த் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் தன் மெஷினில் உட்கார்ந்து, பத்து மணிக்கு டிக் அடித்த பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். டாக்டர் சொன்னபடி, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தாள். பக்கத்து மெஷின்காரியிடம் ஏதோ சொல்ல, அவளும் சிரித்துக்கொண்டே தன் பாட்டிலை எடுத்தாள்.

குடிக்காதீங்கடி என்று கத்த வேண்டும் போலிருந்தது. செக்யூரிட்டி அவள் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார். அவள் ஓடினாள்.