நாற்பது அக்காக்கள்

ஹெரைஸ் தன் ஏழு வயது மகள் தக்கூமோடு எங்கள் பெண்கள் மடத்துக்கு வந்தபோது வாசல் காவல் நான்தான். அவள் புருஷன் அதற்கு முன்பே நைல் நதிக்கு அக்கரையில், ஆண்கள் மடத்தில் சேர்ந்துவிட்டிருந்தான்.

மடத்தலைவி தலூ சட்டத்தைச் சொன்னார்: "கிறிஸ்துவோட வீட்டுல தாய், மகள்னு யாரும் கிடையாது. எல்லாரும் சகோதரிங்க. அம்மான்னு கூப்பிடறதா இருந்தா என்னை மட்டும்தான்."

ஹெரைஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தக்கூமுக்கோ ஒரே குஷி. "அப்ப இவங்கல்லாம் எனக்கு அக்காவா? எனக்கு அக்காவே இல்லைன்னு இருந்தேன்."

அன்றிலிருந்து அவளைப்போலச் சட்டத்தைக் காத்தவர் மடத்தில் எவருமில்லை. ஹெரைஸ் முகம் துடைத்துவிட வந்தால், "எனக்கு நாப்பது அக்கா இருக்காங்க, நீங்க மட்டும் ஏன் தொடைக்கிறீங்க?" என்பாள். ஒரு நாள் ஹெரைஸ் தன் பங்குப் பேரீச்சம்பழத்தில் நாலைந்தை அவள் கையில் திணித்தாள். பிள்ளை சாவகாசமாகத் தின்று முடித்துவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்றது.

"இந்த அக்கா எனக்குத் திருட்டுத்தனமா பழம் குடுத்தாங்க."

"பழம் எங்கடி?" என்றார் தலூ.

"சாட்சிக்குக் கொட்டை வச்சிருக்கேன்."

ஹெரைஸ் மூன்று நாள் உப்பில்லாத ரொட்டி தின்றாள்.

ஆற்றில் வெள்ளம் ஏறிய மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நோயாளிகள் அறையில் மத்தியானம் முழுக்க "அம்மா, அம்மா" என்று முனகினாள். தலூ தறியை விட்டு எழுந்து ஓடிவந்து நெற்றியில் ஈரத்துணி போட்டார். தக்கூம் கண்ணைத் திறந்தாள்.

"நீங்க இல்ல."

"பின்ன யாருடி?"

"நிஜ அம்மா."

நாற்பது பெண்களை அதட்டி ஆள்பவர் ஈரத்துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். வெளியே வந்து என்னிடம், "போய் அந்த ஹெரைஸைக் கூட்டிட்டு வா. நான் சும்மா பேருக்குத்தான் அம்மாவாம்" என்றார்.

ஹெரைஸ் கையில் மாவு ஒட்டியபடியே ஓடினாள். நான்கு நாள் அந்தப் பாயை விட்டு நகரவில்லை. சட்டத்தில் அதற்கு இடமுண்டா என்று யாரும் கேட்கவில்லை. பதில் தெரிந்தவர் தலூ ஒருவர்தான்; அவர் தறிக்குத் திரும்பிவிட்டார்.

காய்ச்சல் விட்டதும் ஹெரைஸை நோயாளிகள் அறைக்கே பொறுப்பாக வைத்துவிட்டார். தக்கூம் பழையபடி "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அடுத்த மாதத்தில் மட்டும் அவளுக்கு ஐந்து முறை வயிற்றுவலி வந்தது. ஐந்து முறையும் தலூ வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அவளை அங்கே அனுப்பிவைத்தார்.