பெயர் போட்ட நாற்பது கிட்டார்

நாற்பது கிட்டாரும் பட்டறையில் வரிசையாக நின்றன. ஒரு காலத்தில் பேர் வாங்கிய கிட்டார்காரர் ஒன்றை வாசித்துப் பார்த்துத் திருப்தி என்று சொல்லிவிட்டால் போதும். ஒவ்வொன்றின் உள்ளேயும் அவர் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி, அவர் பெயரிலேயே கடைகளுக்கு அனுப்பிவிடலாம். சொல்லாவிட்டால்? நாற்பதும் பட்டறையிலேயே தங்கிவிடும்.

கிட்டாரில் விரல் ஓடும் கழுத்தை இழைப்பது பட்டறையில் இருந்த அந்தப் பெண்ணின் வேலை. வாய்த்துடுக்குக்காக எல்லோரும் 'அரம்' என்று கூப்பிடுவார்கள். முதலாளி அவளுடைய அக்கா புருஷன். போன மாதம் சாம்பிளை இழைக்கும்போது தடித்த தந்திப் பக்கம் அளவுக்கு மேல் இழைத்துவிட்டாள். அவள் மூச்சு விடவில்லை. அந்த வாய்க்கு அன்றைக்கென்று பூட்டு. கிட்டார்காரரோ அதை வாசித்துவிட்டு, "என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சொக்கிப் போனார். அத்தான் வரைபடத்தின்படி நாற்பதையும் மெஷினில் வெட்டினார். வரைபடத்தில் அவள் செய்த தப்பு இல்லையே.

இன்று கிட்டார்காரர் ஒன்றை மடியில் வைத்து வாசித்தார். கட்டைவிரல் கழுத்தின் விளிம்பில் எதையோ தேடியது. "நல்லா இருக்கு" என்று சொல்லி, ஸ்டிக்கர்களில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தான் போன் பேச வெளியே போனதும் கிட்டார்காரர் குரலைத் தாழ்த்தினார். "இது அது இல்லம்மா. இதுல என் விரல் ஓடல."

"அதை அவர்கிட்ட சொல்லலாமே சார்?"

"என் பேர்ல கிட்டார் போடறேன்னு ஒருத்தர் கூப்பிட்டு ஆறு வருஷம் ஆச்சு. குறை சொன்னா இவரும் வேற ஆளைப் பாத்துக்குவார்."

அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அத்தான் உள்ளே வந்ததும் போட்டு உடைத்தாள்.

"அத்தான், சாம்பிளை நான் அளவுக்கு மேல இழைச்சுட்டேன். அதுதான் சாருக்குப் பிடிச்சது. இந்த நாப்பதும் வேற. ஒரு மாசம் குடுங்க, எல்லாத்தையும் என் கையாலயே இழைச்சுத் தரேன்."

அத்தான் முகம் செத்துப் போனது. "அப்படியா சார்?"

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றார் கிட்டார்காரர், ஸ்டிக்கரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேட்டியா? அவருக்கே தெரியல, உனக்கென்ன வந்துச்சு?" அத்தானுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "முதல்ல அந்த சாம்பிளை அறுத்துப் போடு. தப்பான கழுத்தோட சார் பேர் வெளிய போகக் கூடாது."

பேனா நின்றது. அவள் காத்திருந்தாள். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், அத்தான் அந்தச் சாம்பிளை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுவார்.

கிட்டார்காரர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். "பன்னெண்டுல கையெழுத்துப் போட்டாச்சு. மீதி ஸ்டிக்கரைக் குடும்மா."