துணியில் மூடிக்கொண்ட சுழிகள்

வெள்ளைக் கோட்டின் மார்பில் நீல நூலால் 'செவிலியர்' என்று தைத்திருந்தது. நாலடி தள்ளி நின்று பார்த்தால் எறும்புக் கூட்டம் ஊர்ந்துபோவதுபோல இருந்தது. கிட்டே வந்து பார்த்த எழுத்துக்காரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கோடுகள் அவள் வரைந்ததைவிட இளைத்திருந்தன. கோடு இளைத்தால் இடைவெளி கூடத்தானே வேண்டும்? சுழிகளோ அடைத்துக்கொண்டிருந்தன.

"கோடெல்லாம் பட்டினி கிடந்த மாதிரி இருக்கு, சுழியெல்லாம் மிளகு மாதிரி உருண்டு கிடக்கு" என்றார் நாத்தனார். "ஒரே உடம்புல எப்படிம்மா ரெண்டு வியாதி?"

"எனக்கே தெரியல அண்ணி."

அவள் கம்ப்யூட்டரில் எழுத்துரு, அதாவது ஃபான்ட், வரைகிறவள். அதனால் வீட்டில் எல்லோருக்கும் எழுத்துக்காரி. அவள் வரைந்த எழுத்துக் குடும்பத்தில் மெலிசு, சாதாரணம், நடுத்தரம், தடிமன் என்று நான்கு பேர். முகஜாடை ஒன்று, உடம்புதான் வேறு. நுனிகளில் கொக்கி, கொண்டை எதுவும் கிடையாது. அதற்காக ஸ்கேலும் காம்பஸும் வைத்துப் போட்ட எழுத்து என்று நினைத்துவிடக் கூடாது. பேனா பிடித்த கை போகிற போக்கில்தான் அது போகும்: கீழே இறங்கும் கோடு கொஞ்சம் தடிமன், வளைந்து திரும்பும் இடம் மெலிசு. சுழிகளை முழுக்க மூடாமல் ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு வாசல் விட்டிருந்தாள். அந்த வாசல் வழியே வெள்ளை உள்ளே போய்வந்தால்தான் பொடி எழுத்தும் கண்ணுக்குப் பிரியும். பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டிலும் நடைபாதைப் பலகையிலும் அந்த எழுத்துதான். தாளிலும் தகரத்திலும் ஒரு குறையும் இல்லை. துணியில் மட்டும் இப்படி.

நாத்தனார் அவள் கணவனின் அக்கா. சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறார். எம்பிராய்டரி மெஷின் புதிது. 'பலகையில் இருக்கும் அதே எழுத்தைக் கோட்டிலும் தைத்துத் தருகிறேன்' என்று ஆஸ்பத்திரியில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மத்தியானம் தலைமைச் செவிலி வந்து மாதிரிக் கோட்டைப் பார்ப்பார். தள்ளி நின்று படிக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பட்டை வாங்கிக் குத்திக்கொள்வார்கள். மெஷின் உறை போட்டு மூலையில் நிற்கும். நாத்தனார் வாக்குக் கொடுத்தது தன் எழுத்தை நம்பி என்பதுதான் எழுத்துக்காரியை உறுத்தியது.

முதலில் தடிமனைத் தைத்துப் பார்த்தார்கள். சுழிகள் கல்லாகிவிட்டன. மெலிசைப் போட்டார்கள். கோடு துணியின் இழைக்குள்ளேயே புதைந்துவிட்டது.

"குண்டானா மூச்சு முட்டுது, இளைச்சா ஆளையே காணோம்" என்றார் நாத்தனார். "உன் குடும்பம் நம்ம குடும்பத்தை விட மோசம்டி."

"இதுவரைக்கும் இதுல என்னதான் தைச்சீங்க?"

"பூவும் ஸ்கூல் முத்திரையும். பூவுல இதழ் கொஞ்சம் நீண்டா யாரு ஸ்கேலைத் தூக்கிட்டு வரப்போறா? நல்லா விரிஞ்சிருக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க."

எழுத்துக்காரி நிமிர்ந்தாள். "நீளுமா?"

"நீளும். துணியாச்சே."

"அண்ணி, ஒரு சதுரம் தைங்க. வெறும் சதுரம். ஊசி இடமும் வலமுமா போகட்டும்."

"ஆர்டர் போகப்போகுது, இவளுக்குச் சதுரம் வேணுமாம்" என்று முணுமுணுத்தாலும் நாத்தனார் தைத்துக் கொடுத்தார். ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். சதுரம் சதுரமாக இல்லை. அகலம் குறைந்திருந்தது, உயரம் கூடியிருந்தது. ஊசியை மேலும் கீழுமாகப் போகவிட்டு இன்னொன்று தைக்கச் சொன்னாள். அது படுத்துக்கொண்டது: உயரம் குறைவு, அகலம் அதிகம்.

இப்போது பிடிபட்டது. எழுத்தைத் தைக்கும்போது அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் குறுக்கே ஊசி இங்கும் அங்கும் போய்வருகிறது. தையல் இறுகும்போது, சுருக்குப் பையின் நாடாவை இழுத்த மாதிரி, துணியை இரு பக்கமிருந்தும் உள்ளே இழுக்கிறது. அதனால் கோடு இளைக்கிறது. ஆனால் நூலுக்கும் ஒரு பருமன் உண்டே. தையல்களை ஒன்றையடுத்து ஒன்றாக நெருக்கி அடுக்கும்போது இடம் பற்றாமல் வரிசை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கோட்டின் நுனி நீள்கிறது. நுனிக்கு எதிரே வெறும் துணி இருந்தால் அது யார் கண்ணிலும் படாது. சுழியில் நுனிக்கு எதிரே இன்னொரு கோடு நிற்கிறது. நீண்ட நுனி அதில் போய் முட்டி, அவள் விட்டுவைத்த வாசலை அடைத்துவிடுகிறது. இரண்டு வியாதிக்கும் காரணம் ஒரே தையல்தான்.

கம்ப்யூட்டரில் சாதாரணத்தை எடுத்து அவசரமாகத் திருத்தினாள். கோடுகளின் பக்கவாட்டில் கொஞ்சம் சதை போட்டாள். நுனிகளை உள்ளே தள்ளி வெட்டினாள். மாதக்கணக்கில் உட்கார்ந்து இழைத்த வளைவுகள் அவை.

திரையை எட்டிப் பார்த்த நாத்தனார், "எலி கடிச்சிருச்சா?" என்றார்.

"தைங்க அண்ணி, சொல்றேன்."

புதுக் கோட்டில் 'செவிலியர்' தைத்து முடித்து மெஷின் நின்றது. நாத்தனார் நூல் பிசிறை வெட்டிவிட்டு, கோட்டை ஹேங்கரில் மாட்டி, கடை வாசல்வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது கோட்டை மெஷினில் ஏற்றி 'மருந்தாளுநர்' என்று தைக்க ஆரம்பித்தார்.

தலைமைச் செவிலி வந்தவர் உள்ளேகூட வரவில்லை. வாசலில் நின்றபடியே, "செவிலியர், மருந்தாளுநர்" என்று இரண்டையும் படித்தார். "பலகையில இருக்குற அதே எழுத்துதானே?"

"அச்சு அசலா அதேதான்" என்றார் நாத்தனார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எல்லாக் கோட்டுக்கும் அளவெடுக்க ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு அவர் போனார். எழுத்துக்காரி அந்தத் திருத்தத்தைக் குடும்பத்தில் ஐந்தாவது ஆளாகச் சேர்த்து, 'துணி' என்று பெயர் வைத்தாள். சாதாரணத்தைவிடக் கோடு சற்றுத் தடிமன், நுனிகள் குட்டை, சுழியின் வாசல் இரண்டு மடங்கு அகலம். திரையில் கோணலாகத்தான் தெரியும்; தைத்தால் சரியாக வரும்.