நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு புல்தரை

மறுவாழ்வு மருத்துவமனையின் புதுப் புல்தரை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில், மண்ணை விட்டு நான்கு விரற்கடை மேலே எழும்பி நின்றது. முதலில் பார்த்தது பூனை. அது ஒரு பக்கம் அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, தன் பாட்டுக்குப் போய்விட்டது. அடுத்துப் பார்த்தவள் தோட்டக்காரி. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு மண்டியிட்டு, புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே கையை விட்டுத் துழாவி, "வேரே இல்ல" என்றாள். அந்த வாரம் தக்காளி விலை பாதியாக இறங்கியிருந்தது. ஊரில் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றித்தான் இருந்தது.

அந்தப் புல் அங்கே வந்ததற்குக் காரணம் அவளுடைய கணவர். இருபது வருடம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர். அவர் கட்டிய சாரம் ஒன்றுகூட அசைந்ததில்லை. வேறு யாரோ அவசரத்தில் கட்டியதில் ஒருநாள் ஏறி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தார். இரண்டு காலும் முறிந்து, எலும்பு கூடி ஆறு மாதம் ஆகியும் சக்கர நாற்காலியை விட்டு எழவில்லை. தரை என்கிற சங்கதி மீதே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. சிமெண்டுத் தரை, பலகைத் தரை, ரப்பர் விரிப்பு என்று எதைக் காட்டினாலும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது தாங்காது" என்பார். அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அவள் அங்கே தோட்டவேலைக்கே சேர்ந்தாள். எலும்பு டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் மூணு மாசத்துக்குள்ள கால ஊனலேன்னா தசை சுருங்கிடும்மா. அப்புறம் நானே நெனச்சாலும் நடக்க வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அவள் போய்க் கெஞ்சினாள். அந்த வளாகத்தில் தேடினாலும் ஒரு கைப்பிடி புல் கிடைக்காது என்ற தைரியத்தில் அவர், "புல்லுன்னா வேணா நடந்து பாக்கறேன்" என்று வாய் விட்டார். அவளிடமா? மேனேஜரைப் பத்து நாள் நச்சரித்து, முன்பக்கம் கிடந்த சரளைக்கல்லை எல்லாம் வாரி எறிந்துவிட்டு, சதுரம் சதுரமாகப் புல்பத்தைகளை வாங்கிவந்து, அவருடைய ஜன்னலடி வரைக்கும் பதித்துவிட்டாள். மூன்றாவது வாரம் அது எழும்பியது. "பாத்தியா, புல்லும் தாங்காது" என்று அவர் ஜன்னல் வழியாகச் சொன்னபோது குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

ஆனால் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை அவள். புல்லின் நிறம் பார்த்து நோய் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று அடித்துச் சொல்லலாம். வெளிர்மஞ்சள் என்றால் பசி. சாம்பல் பூத்தால் தாகம். நுனி மட்டும் வெளுத்தால் வெட்டுகிற கத்தி மொட்டை. வட்டவட்டமாகக் கருகினால் பூஞ்சை. இது எதுவுமில்லை, திட்டுத்திட்டாகப் பழுப்பு, விடிந்ததும் குருவிகள் கூட்டமாக வந்து கொத்துகின்றன, அடியில் வேரைக் காணோம். வேர்ப்புழு என்று முடிவுகட்டினாள். வேறு தோட்டக்காரர்கள் புல்லை உரித்துப் பார்த்துத் தேட வேண்டியதை, இவள், அதற்குள் முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிட்டிருந்த புல்லின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சுருண்டு தொங்கிய வெள்ளைப் புழுக்களைக் காய் பறிப்பதுபோல் பறித்தாள். ஒரு சாண் சதுரத்துக்குப் பதினாறு புழு. பத்தொன்பது நாள், வாளிவாளியாகக் குருவிகளுக்குக் கொட்டினாள். இலையைத் தின்கிற பச்சைப்புழுக்கள் வேறு இருந்தன. அவற்றுக்கு மேலே சோப்புத் தண்ணீர் ஊற்றி, நெளிந்து வெளியே வந்தவற்றை ஒன்று விடாமல் எடுத்தாள். நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று மேனேஜர் பழுப்புத் திட்டுகளுக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடிக்க வைத்தார். வந்தவர்கள் புல் நல்ல பச்சை என்று பாராட்டினார்கள். முழங்கால் உயரத்தில் இருந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு ஒரு வாரத்துக்குக் குருவிகளின் அலகெல்லாம் பச்சையாக இருந்தது.

புழு ஒழிந்தது. புதுவேரும் நரைமுடிபோல் கீழே இறங்கியது. ஆனால் புல் இறங்கி வந்து மண்ணைத் தொட்டால்தானே வேர் பிடிக்கும்? உருளை விட்டு அழுத்தினாள். உருளை தாண்டியதும் பின்னாலேயே எழும்பியது. செங்கல் வைத்தாள், செங்கல் இருந்த இடமெல்லாம் மஞ்சளித்தது. "இதுக்கு மனுஷ பாரம்தான் வேணும் டாக்டரம்மா, அதுவும் நகர்ந்துக்கிட்டே இருக்கற பாரம்" என்று கடைசியில் போய் நின்றாள். டாக்டரம்மா யோசிக்காமல் வார்டையே அனுப்பினார். ஊன்றுகோல்காரர்களும் செயற்கைக்கால்காரர்களும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு காலையும் மாலையும் அதன்மேல் சுற்றினார்கள். நாளுக்கு ஒரு விரற்கடையாகப் புல் இறங்கி மண்ணைப் பிடித்தது. நடக்கவே மாட்டார் என்று வீட்டார் கைவிட்ட இரண்டு பேர் இதில் நடந்தும்விட்டார்கள். ஜன்னலடி மூலை மட்டும் யாருக்கும் அடங்கவில்லை. மிதித்தவர்களைச் செல்லமாகச் சரித்து இறக்கிவிட்டது. அவரோ நாற்காலியில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சொன்ன கெடுவுக்கு நான்கு நாள் பாக்கி.

அன்று காலை பதினோரு மணிக்கு அவள் அந்த மூலையில் போய்க் கைகால்களைப் பரப்பிக் குப்புறப் படுத்தாள். மூலை அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழும்பியது. ஜன்னல் வழியாக முதலில் அவருக்கு மனைவியின் முகம் தெரிந்தது, பிறகு முழங்கை, பிறகு புல்லின் அடிவேர் மட்டும். மேலே எவ்வளவு தூரம் என்று அளக்க அவருக்கு நாடா தேவையில்லை.

"இறங்குடி! விழுந்துடுவ!" என்று கத்தினார்.

"நான் இறங்கினா இது ஒரேயடியா போயிடும். முடிஞ்சா நீங்க வாங்க" என்று மேலிருந்து பதில் வந்தது.

அவர் எழுந்தார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. நாற்காலி பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் மோதிய சத்தம் மட்டும் நினைவிருக்கிறதாம். சுவரைப் பிடித்துக்கொண்டு வார்டைக் கடந்து, படி இறங்கி, வெயிலில் வந்து நின்றார். மண்ணைப் பிடித்திருந்த புல் முடிந்து, சரிந்து மேலேறுகிற புல் தொடங்கும் இடம் அவர் காலடியில் இருந்தது. சாரப்பலகையில் ஏறுகிறவர் முதல் அடியை எப்படி வைப்பாரோ அப்படி, பாதத்தைக் குறுக்காக வைத்து, பாரத்தை மெல்ல மாற்றினார். புல் அரை அடி இறங்கியது. அடுத்த அடிக்கு இன்னும் இறங்கியது. பயத்தில் பல் கிட்டித்தபடி, அவள் மேலிருந்து கண்ணை எடுக்காமல், பதினோரு அடி வைத்தார். பதினோராவது அடியில் மூலை மண்ணில் வந்து உட்கார்ந்தது. அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "தாங்குச்சா?" என்று கேட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம் ஆகிறது. அவர் அதே மருத்துவமனையில் கேட் பார்க்கிறார். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத வேலை, அவருக்கும் அசையப் பிடிக்காது. ஆனால் ஜன்னலடி மூலை தினமும் காலையில் இரண்டு விரற்கடை எழும்பி நிற்கும். அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து பதினோரு அடி நடந்தால்தான் இறங்கும். வேறு யார் மிதித்தாலும் இறங்காது. பார்வையாளர் தடுக்கி விழக்கூடாதென்று மேனேஜர் ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார். போன மாதம் ஒருநாள் டாக்டரம்மா சீக்கிரமே வந்தபோது, தோட்டக்காரி அந்த மூலையில் குனிந்து, மண்வெட்டியின் நுனியால் புல்லுக்கு அடியில் வேரை அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கொஞ்சம்கூடப் பதறவில்லை.

"இன்னைக்கு மூணு விரலா விடட்டுமா டாக்டரம்மா? வர வர தொப்பை போடறார்" என்று கேட்டாள்.

"ரெண்டே போதும், முட்டி வலிக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போனார். மூலை இரண்டு விரற்கடை எழும்பியது. கேட்டிலிருந்து அவர் திட்டிக்கொண்டே நடந்து வந்தார்.