சுவரில் மட்டும் இருந்த சொல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கோட்டை மாரியம்மன் மேல் ஆணை. அம்மனை நம்பாதவர்களுக்காக மாதா கோயில் மேலும், இரண்டையும் நம்பாதவர்களுக்காகப் பேகம்பூர் பள்ளிவாசல் படி மேலும் தனித்தனியே ஆணை. இதற்கு மேலும் நம்பாதவர்கள் மில் முதலாளிகளாகத்தான் இருக்க முடியும். அவர்களுக்குச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

குஜிலியம்பாறை போகும் சாலையில், ஒரு கரட்டின் அடிவாரத்தில் அந்த நூல் மில் இருந்தது. காலை ஆறு மணிச் சங்கு ஊதும்போது அஃப்சானா, நூல் நூற்கும் மெஷினான தன் ஃபிரேமின் முன்னால் நின்றுவிடுவாள். நூல் சுற்றும் கதிர்கள் வரிசையாகச் சுழலும். நூல் எங்கே அறுந்தாலும் ஓடிப்போய் இரண்டு விரலால் பிடித்து ஒட்ட வேண்டும். ஒட்டி நிமிர்வதற்குள் அந்தக் கோடியில் இன்னொன்று அறுந்திருக்கும். நூல் அறுபடாமல் இருப்பதற்காகக் காற்றில் ஈரத்தைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். ஆள் அறுந்து விழாமல் இருக்க அப்படி ஏற்பாடு எதுவும் கிடையாது.

பஞ்சு பறக்கும். எப்படிப் பறக்கும் என்றால், ஒருநாள் காலையில் உள்ளே புகுந்த கருப்பு நாய் ஒன்று மத்தியானம் வெள்ளை நாயாக வெளியே வந்தது. அதன் குட்டிகளே அதைப் பார்த்துக் குரைத்தன. பாவம், கடைசிவரை அதை அவை சேர்த்துக்கொள்ளவில்லை.

நாய் மேல் படிந்த பஞ்சு மெஷின் மேலும் படியும். உருளையிலும் பல்சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். மெஷினை நிறுத்தி எடுத்தால் நூல் குறையும் என்பதால் சூப்பர்வைசர் பாக்கியராஜ் ஒரே கட்டளை வைத்திருந்தார்: "ஓட ஓடத் துடை."

பாக்கியராஜுக்குத் தமிழைப் பற்றி ஒரு கொள்கை உண்டு. மெதுவாகச் சொன்னால் புரியாத தமிழ், கத்திச் சொன்னால் பீகாருக்கும் புரியும் என்பது அது. அவர் கத்தும்போது வெளியே ரோட்டில் போகும் கரூர் பஸ் டிரைவர்கள், ஏறுவதற்கு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிரேக் போட்டார்கள்.

அஃப்சானாவும் ரூபியும் பீகாரில் அராரியா பக்கத்தில் ஒரே தெரு. ஒரே ரயிலில் வந்து, ஒரே ஹாஸ்டல் அறையில் தங்கி, ஒரே பாக்கியராஜிடம் திட்டு வாங்கினார்கள். ஆறு மாதத்தில் ரூபி தமிழில் டீக்கடைக்காரரோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். இரண்டு வருடம் ஆகியும் அஃப்சானாவுக்கு நாக்கு எழும்பவில்லை. தன் வாயில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து நெற்றியில் அடித்துக்கொள்வாள்.

கோளாறு வாயில் இல்லை. ரூபி எட்டாவது வரை படித்தவள். ஒரு தமிழ்ச் சொல் காதில் விழுந்தால் மனசுக்குள் இந்தி எழுத்தில் எழுதிக் கொடியில் துணி காயப் போடுவது போலத் தொங்கவிடுவாள், வேண்டும்போது உருவிக்கொள்வாள். அஃப்சானா பள்ளிக்கூடத்து நிழலில் ஆடு மேய்த்ததோடு சரி. அவளிடம் கொடி இல்லை. தமிழ் அவளிடம் ஈரப் பஞ்சு மூட்டை போல மொத்தமாக வந்து விழுந்தது. எதையும் பிரித்து எடுக்க முடியவில்லை. பாக்கியராஜ் கத்தியதை அப்படியே, மூச்சு விடும் இடம் உட்பட, மூட்டை மூட்டையாக வைத்திருந்தாள். அவரைத் தவிர யாரும் அவளிடம் தமிழில் பேசியதும் இல்லை.

விளைவு கேண்டீனில் தெரிந்தது. நாகல் நகரிலிருந்து வேலைக்கு வரும் பிரிஸ்கில்லா தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். பீர்க்கங்காய் வெஞ்சனம் மணத்தது. கொஞ்சம் கேட்கலாமே என்று அஃப்சானா பணிவாகக் குனிந்து, இனிமையாகச் சிரித்து, சொன்னாள்:

"ஏ புள்ள, நின்னு வேடிக்க பாக்காத. வெரசா எடுத்துட்டு வா."

பிரிஸ்கில்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரப் பாத்துடி புள்ளங்கிற?"

"அக்கா, கோவிச்சுக்கிறாதீக," என்று ரூபி ஓடி வந்தாள். "கொஞ்சம் குடுங்கன்னு கேக்குறா. அவளுக்குத் தெரிஞ்ச தமிழே அம்புட்டுத்தான்."

"இது நம்ம பாக்கியராஜ் அண்ணன் குரலு மாதிரில்ல இருக்கு."

"அவருதானே இவளுக்கு வாத்தியாரு."

ஆயுத பூஜை அன்று இன்னும் மோசம். முதலாளி பழனிக்குமார் ஒட்டன்சத்திரத்துக்காரர், யாரையும் 'ங்க' போடாமல் பேசாதவர். அவர் பூசணிக்காயோடு உள்ளே வரும்போது அஃப்சானா கைகூப்பி வரவேற்றாள்: "இம்புட்டு நேரம் எங்கிட்டுப் போய்த் தொலஞ்ச?" பூசணிக்காய் உடைக்காமலே உடைந்தது.

பிரிஸ்கில்லா அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். "இவளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கணும் ரூபி. இல்லாட்டி ஒருநா இவ யாருகிட்டயாச்சும் ஒத வாங்குவா."

பலகைக்குப் பஞ்சமில்லை. மெஷின் மூடி மேல் படிந்த பஞ்சில் விரலால் எழுதினாள் பிரிஸ்கில்லா. பக்கத்தில் அஃப்சானா எழுதினாள். பாக்கியராஜ் தூரத்தில் வந்ததும் "ஓட ஓடத் துடை" என்பார். எழுதியதை எழுதியவளே துடைக்க வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் நூலை ஒட்டும் அந்த விரலுக்கு 'அ' வளையவில்லை. போட்ட 'அ' ஒவ்வொன்றும் காலொடிந்த கோழி போலச் சாய்ந்தது. தினமும் துடைப்பு, தினமும் முதலிலிருந்து. பிரிஸ்கில்லாவுக்கே அலுத்துப்போனது.

"'ஓட ஓடத் துடை'ங்கிறதுல எத்தன வார்த்த இருக்கு? சொல்லு பாப்போம்."

"ஒண்ணு," என்றாள் அஃப்சானா.

"நல்லா ரோசிச்சுச் சொல்லு."

ரூபி அவர்கள் பேச்சில் விளக்கினாள். அஃப்சானாவும் அவர்கள் பேச்சிலேயே பதில் சொன்னாள். ரூபி சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னாள்: "ஒண்ணுதானாம்க்கா. அவரு ஒரே மூச்சுலதான கத்துறாருன்னு கேக்குறா."

"சரி, உங்க பேச்சுல அதச் சொன்னா எத்தன?"

அதுவும் ஒன்றுதான் என்றாள் அஃப்சானா. தன் தாய்ப்பேச்சில்கூடச் சொல் எங்கே முடிகிறது என்று அவள் பார்த்ததில்லை. காதுக்கு அந்தக் கவலை எதற்கு?

பிரிஸ்கில்லா எரிச்சலோடு மூடிப் பஞ்சில் அந்தக் கட்டளையை இடம் விட்டு இடம் விட்டு எழுதிக் காட்டினாள். அஃப்சானா வெறும் இடத்தில் விரலை வைத்து, இது என்ன எழுத்து என்பது போலப் பார்த்தாள்.

"அது எழுத்து இல்ல. சும்மா விட்ட எடம்."

அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோடியில் இரண்டு நூல் அறுந்தது. அவள் போகவில்லை.

அன்று மத்தியானம் பாக்கியராஜ் கத்தியபோது அது அவள் காதில் துண்டு துண்டாக விழுந்தது. 'எடுத்துட்டு' என்ற துண்டு மூன்று கத்தலில் இருந்ததைக் கண்டுபிடித்தாள். 'வெரசா' எல்லாவற்றிலும் இருந்தது. ஒன்றிலிருந்து உருவி இன்னொன்றில் செருகினாள். இதுவரை யாரும் அவளிடம் சொல்லாத ஒரு வாக்கியத்தை அவளே செய்தாள்: "தண்ணி எடுத்துட்டு வாரேன்க்கா." பிரிஸ்கில்லா அவளைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு தமிழ் அவளுக்குள் மடை உடைந்தது போல வந்தது; எழுத்தும் தட்டுத்தடுமாறி ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஹாஸ்டல் பல்லிகூட அவளோடு பேசிச் சலித்து வேறு அறைக்குப் போனது.

ஆனால் அவளிடம் இருந்த துண்டெல்லாம் ஓடு, எடு, கொண்டு வா, துடை, வெரசா. மில் கொடுத்ததுதானே.

விபத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. ரூபிக்கு. ஃபிரேமின் கோடியில் பல்சக்கரத்தின் மூடி கழன்று கிடந்தது, பஞ்சு சுற்றியிருந்தது. சுவரில் ஒரு எச்சரிக்கைப் பலகை உண்டு. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் அதைத் துடைப்பார்கள். மற்ற நாளில் பஞ்சு மூடி மெத்தை மாதிரி இருக்கும். முன்பொரு ஆய்வின்போது ரூபி அதன் இந்தி வரியைப் படித்திருந்தாள். இப்போது அதைக் காட்டி, "அண்ணே, இப்புடித் தொடைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே," என்றாள்.

"அது இன்ஸ்பெக்டர் படிக்கிறதுக்கு," என்றார் பாக்கியராஜ். "நீ தொடைக்கிறதுக்கு."

பக்கத்து ஃபிரேமிலிருந்த பிரிஸ்கில்லா இதைக் கேட்டாள். அடுத்து அவள் கேட்டது ரூபியின் அலறல். வலது கையில் இரண்டு விரல்கள். ஆட்டோ வந்தது. ரத்தம் பட்ட நூலை மாற்றினார்கள். டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை, அந்த ஃபிரேம் திரும்ப ஓடியது.

மறுநாள் காலை ஷிப்டில் முதலாளி வந்தார். ஃபிரேம்கள் ஓடிக்கொண்டிருக்க எல்லோரையும் சுவர்ப் பக்கம் கூப்பிட்டார். குரல் உயர்த்தவே இல்லை.

"பாசை தெரியாத புள்ளைங்கள வேலைக்கு வெச்சது என் தப்புங்க. சொன்னது புரியாம கைய உட்டுருச்சு. போர்டு மூணு பாசைல இருக்குதுங்க. படிக்கோணுமில்லீங்களா? அந்தப் புள்ளைக்கு வெள்ளிக்கெழம ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு. மத்த பீகார்ப் புள்ளைங்களயும் அனுப்பிச்சுருவோம். அந்த எடத்துக்கு உங்க வீட்டுல யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க."

கட்டு ஈரம் காயாத கையோடு ரூபியை ரயிலேற்றப் போகிறார்கள். அஃப்சானாவுக்கு அது முழுவதும் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. உள்ளூர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதும் புரிந்தது. மானாவாரி வெள்ளாமை பொய்த்துப்போய் மில்லுக்கு வந்த பழனியம்மாளுக்கு வேலை தேடும் மகள் இருக்கிறாள். அவள் தலை குனிந்து நின்றாள்.

"சார், ரூபி போர்டப் படிச்சுட்டுத்தான் கேட்டுச்சு," என்றாள் பிரிஸ்கில்லா. "நான் காதால கேட்டேன்."

"எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கல சார்," என்றார் பாக்கியராஜ்.

"எந்தப் பாசைல கேட்டுச்சுங்களோ," என்றார் முதலாளி, சிரித்து.

அஃப்சானா நூல் சுற்றிய பாபின்களைப் போடும் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு ஏறினாள். துப்பட்டாவால் பலகையைத் துடைத்தாள். பஞ்சு திரண்டு முதலாளியின் தோளில் விழுந்தது.

"இதுக்குப் படிக்கத் தெரியுமாங்க?" என்றார் அவர்.

அவள் படிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக. 'இ' என்றாள், 'ய' என்றாள், மேலே போய்த் தடுக்கித் திரும்ப 'இ'க்கு வந்தாள். முதலாளியின் போன் அடித்து ஓய்ந்தது, திரும்ப அடித்தது. கரட்டு மேல் இருந்த வெயில் ஜன்னலுக்கு இறங்கி வந்து என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தது. அவர் கிளம்பத் திரும்பினார். "செத்த நேரம் இருங்க சார்," என்று பிரிஸ்கில்லா குறுக்கே நின்றாள்.

"இயந்திரத்தை... நிறுத்திய... பிறகே... துடைக்கவும்."

கடைசித் துண்டு பழக்கமானதுதான். நடுவில் ஒன்று புதிது. பாக்கியராஜின் இத்தனை கத்தலில் அது ஒருமுறைகூட வந்ததில்லை. அந்த மில்லில் அது சுவரில் மட்டுமே இருந்தது.

"அக்கா, இந்த 'நிறுத்து' என்ன?"

பிரிஸ்கில்லா வாயால் சொல்லவில்லை. தன் ஃபிரேமுக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கதிர்கள் தள்ளாடி, முனகி, நின்றன.

"இதான்."

"ஓ," என்றாள் அஃப்சானா. இறங்கி வந்து தன் ஃபிரேமை நிறுத்தினாள்.

"மெஷினு நின்னா மில்லு நிக்குமுங்க," என்றார் முதலாளி. முதன்முறையாகக் குரல் கொஞ்சம் ஏறியது. "மில்லு நின்னா உங்க அடுப்பும் நிக்கும். யோசிச்சுக்கோங்க."

பழனியம்மாள் நிமிர்ந்தாள். "அடுப்பு பத்தவைக்க வெரலு வேணும்ல மொதலாளி. எம்மக வந்தா அவளயும் ஓட ஓடத்தான தொடைக்கச் சொல்லுவீக?" மடியிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுப் போய் அவளும் அழுத்தினாள். பிறகு அடுத்தவள். பிறகு அதற்கடுத்தவள்.

"ஏ புள்ள," என்றாள் அஃப்சானா முதலாளியைப் பார்த்து, "கத்தாத. மொதல்ல நிறுத்து. அப்புறம் துடைக்கிறோம். ரூபி எங்கிட்டும் போகாது."

மரியாதைச் சொல் அவளுக்கு அதற்குள் நன்றாகவே தெரியும். யாரும் அவளைத் திருத்தவில்லை.

முதலாளி ஹாஸ்டல் தண்ணீரை அடைக்கச் சொன்னார், கேட்டைப் பூட்டச் சொன்னார், ஆபீசுக்குள் போய் யார் யாருக்கோ போன் போட்டார். ஆள் அனுப்புவார், போலீசைக் கூப்பிடுவார், என்னவும் செய்வார். பெண்கள் ஃபிரேம்களுக்கு நடுவே ஈரத் தரையில் உட்கார்ந்தார்கள். பாக்கியராஜ் பழக்க தோஷத்தில் ஏதோ கத்தினார். அந்த அமைதியில் அவர் குரல் அவருக்கே அதிகமாகக் கேட்டு வாயை மூடிக்கொண்டார்.

காற்றில் இருந்த பஞ்சு மெல்ல இறங்கியது. கூடத்தின் அந்தக் கோடியில் வேலை செய்பவர்களின் முகம் இந்தக் கோடியிலிருந்து அன்றுதான் தெரிந்தது. பழனியம்மாள் அஃப்சானாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆசுபத்திரில அந்தப் புள்ளைக்குத் தொணைக்கு ஆரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்ப கேட்டத் தொறக்க வச்சு மொற போட்டுக்கிருவோம். வெள்ளிக்கெழம வரைக்கும் அவ கட்டில விட்டு நகரக் கூடாது. யாரு வந்து கூப்புட்டாலும்." விரல் விட்டு ஆட்களை எண்ணினாள். "வெள்ளிக்கெழம எல்லாருமே அவகிட்டப் போயிருவோம். எம்மகளயும் கூட்டியாரேன்."

"நானும் வாரேன்," என்றாள் அஃப்சானா. அதை அவர்கள் பேச்சிலும் ஒருமுறை சொன்னாள். பீகார்ப் பெண்கள் தலையாட்டினார்கள்.

இத்தனை ஆணையும் போட்டு இதைச் சொல்கிறவர் அந்த மில்லின் கேட் வாட்ச்மேன். மில் கட்டிய நாளிலிருந்து இன்றுவரை அவரைக் கேட்டுக்கு உள்ளே விட்டதில்லை.