கடைசி விசில் வரைக்கும்

"துக்கம் அப்புறம் கேக்கலாம். முதல்ல போனை இந்த வாளியில போடுங்க."

மெர்லி வாசல் கேட்டை மறித்துக்கொண்டு நின்றாள். துணி ஊறவைக்கும் சிவப்பு வாளியில் ஏற்கெனவே இருபது போன்கள் கிடந்தன. கையில் பிஸ்கட் பெட்டியோடு வந்த மீன்கார எர்னிங் முழித்தான்.

"என்னம்மா இது, சாவு வீடா போலீஸ் ஸ்டேஷனா?"

"ரோஸெலுக்கு இன்னும் தெரியாது அண்ணே. நாலு மணிக்கு பாங்காக்குல ஃபைனல். நீங்க ஒரு போட்டோ போட்டீங்கன்னா முடிஞ்சுது."

பரோடாக் நுவேவோவில் ஃபைனல் என்ற சொல்லுக்கு மேல் மறுபேச்சு கிடையாது. ஊர் நடுவில் பூங்கா இருக்க வேண்டிய இடத்தில் கால்பந்து மைதானம் வைத்திருக்கும் ஊர் இது. எர்னிங் போனை வாளியில் போட்டுவிட்டுக் கும்பிடாத குறையாக உள்ளே போனான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் அப்பா இசித்ரோ கடைசியாகச் சொன்னது இதுதான். "கடைசி விசில் அடிக்கிற வரைக்கும் அவகிட்ட சொல்லாத." சொல்லிவிட்டு, ஏதோ அவசர வேலை இருப்பவர் மாதிரி போய்விட்டார். அழக்கூட நேரமில்லாமல் மெர்லி இந்த வாளியைத் தேடி எடுத்துக்கொண்டாள். தங்கை ரோஸெலுக்கு முப்பத்துமூன்று வயது. பதினான்கு வருஷம் நாட்டுக்கு முன்வரிசையில் ஆடி, நாற்பத்தொரு கோல் போட்டும் ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. முழங்கால் இரண்டு முறை அறுத்துத் தைத்தது. இன்றோடு விலகப் போகிறாள். இன்று விட்டால் விட்டதுதான்.

இரண்டு மணிக்குச் சவப்பெட்டி வந்து சேர்ந்தது. மேல்பாதி திறந்திருக்க, வெள்ளைச் சட்டையில் அப்பா கண்ணாடிக்கு அடியில் படுத்திருந்தார். கீழ்ப்பாதி மூடியிருந்தது. மூடுவதற்கு முன் புரிங் அத்தை செய்த காரியம் மெர்லிக்கு இன்னும் ஆறவில்லை. அப்பாவின் கால்களிலிருந்து பச்சை பூட்ஸைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டாள்.

"செருப்போ பூட்ஸோ போட்டுப் புதைச்சா ராத்திரி வீடெல்லாம் நடக்கிற சத்தம் கேக்கும். எங்கண்ணன் உசுரோட இருந்தப்பவே போதுமான சத்தம் போட்டாச்சு," என்றாள் அத்தை.

போட்டார்தான். அப்பாவுக்கும் ரோஸெலுக்கும் ஒரே அளவு பாதம். அவள் ஆடி முடித்த ஒவ்வொரு ஜோடி பூட்ஸும் வீட்டுக்கு வரும். அதைப் போட்டுக்கொண்டுதான் மனிதர் சந்தைக்குப் போவார், பூசைக்குப் போவார், சிமெண்ட் தரையில் அடியிலிருக்கும் குமிழ்கள் டக் டக்கென்று அடிக்க. பாதிரியார்கூட ஒருமுறை பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அவர் உட்காரும்வரை காத்திருந்தார். வெள்ளை பூட்ஸ், மலேசியாவுக்கு எதிராக முதல் கோல். சிவப்பு, முழங்கால் போன வருஷம். இந்தப் பச்சை, போன மாதம் அரையிறுதிக்கு நாட்டைக் கொண்டுவந்தது. மகள் எந்த வருஷத்தில் எப்படி ஆடினாள் என்பதை அவர் காலைப் பார்த்தே ஊர் சொல்லிவிடும்.

நான்கு மணிக்கு டிவி முன்னால் உட்கார இடமில்லை. காபி டம்ளர்கள் கைமாறின. மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். இருபத்துமூன்றாவது நிமிஷத்தில் வியட்நாம் கோல் போட்டது.

"ஐயோ, பாழாப் போச்சே! அந்த டிஃபென்ஸ்காரி தூங்கறா பாரு!"

"வாயைக் கழுவுங்கய்யா. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு!"

அறுபத்தொன்றாவது நிமிஷம். இடது பக்கம் ஓடுவது போல ஒரு பாவனை. வியட்நாம் பெண் அதை நம்பி அங்கே போனாள். ரோஸெல் வலது பக்கமாக நழுவி, கோல்கீப்பரின் அக்குளுக்குக் கீழே பந்தைச் செருகினாள். வீடே எழுந்து குதித்தது. காபி கொட்டியது. யாரோ சவப்பெட்டியைத் தட்டி, "இசோ அண்ணே! ஒண்ணுக்கு ஒண்ணு!" என்று கத்தினார்கள். மெர்லியும் கத்தினாள். அப்பா செத்த அன்றைக்கு இப்படிக் கத்துகிறோமே என்று ஒரு நொடி வெட்கமாக இருந்தது. அடுத்த நொடி இன்னும் பலமாகக் கத்தினாள்.

அந்த அமளியில்தான் வாளியிலிருந்து ஒரு போன் குறைந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எர்னிங்கின் குரல் கேட்டது. "மக்களே, நேரலை! நம்ம ரோஸெல் கோல் போட்டாச்சு! பாவம், அவ அப்பா பெட்டிக்குள்ள படுத்திருக்காரு, அந்தப் புள்ளைக்கு இன்னும் தெரியாது..."

மெர்லி கேட்டை நோக்கி ஓடினாள். அத்தை பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதடி! வெளிய போற ஆளுக்குப் பின்னாடி துக்க வீட்டுக்காரங்க கேட்டைத் தாண்டக் கூடாது! அடுத்த சாவு விழும்!"

"விழட்டும் அத்தை!"

சட்டை கிழிந்தது. மெர்லி கேட்டைத் தாண்டிப் போய் போனைப் பிடுங்கினாள்.

"உங்களுக்கு மூளை இருக்கா?"

"சந்தோஷத்துல மறந்துட்டேன்மா. சத்தியமா மறந்துட்டேன்." எர்னிங் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான்.

பார்த்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் எர்னிங்கின் சொந்தக்காரர்கள். ஒன்பதாவது பெயரை மெர்லி இரண்டு முறை படித்தாள். கார்மெலா. பக்கத்து ஊர்க்காரி. அணிக்குக் கால் பிடித்துவிட்டு, அடிபட்டால் மருந்துப் பையோடு ஓடுகிறவள். இப்போது பாங்காக்கில் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பவள். ஆட்டத்துக்கு நடுவிலும் போனைப் பார்க்கிற ஜென்மங்கள் உண்டு.

மெர்லி திரும்பி வந்து உட்கார்ந்தாள். அப்புறம் பந்தைப் பார்க்க முடியவில்லை. மைதானத்து ஓரத்தில் தெரியும் நீல உடுப்பை மட்டும் பார்த்தாள்.

எண்பதாவது நிமிஷம் ரோஸெல் விழுந்தாள். கார்மெலா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முழங்காலில் எதையோ பீய்ச்சினாள். பிறகு குனிந்து, ரோஸெலின் காதருகே வாயைக் கொண்டுபோய் என்னவோ சொன்னாள்.

"சொல்லிட்டா," என்றாள் மெர்லி. "அத்தை, அவ சொல்லிட்டா."

அத்தை மெர்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ரோஸெல் புல்லில் உட்கார்ந்தபடி இருந்தாள். எழுந்திரு, எழுந்திரு என்று மெர்லி முணுமுணுத்தாள். ரோஸெல் எழுந்தாள். நொண்டினாள். பிறகு நொண்டாமல் ஓடினாள்.

எண்பத்தெட்டு. வலது மூலையிலிருந்து பந்து உயர வந்தது. பக்கத்தில் நின்றவள் இவளைவிட ஒரு தலை உயரம். ஆனால் ரோஸெல் முன்னாலேயே எழும்பிவிட்டாள். நெற்றியில் பட்ட பந்து தரையில் ஒரு குத்துக் குத்தி உள்ளே போனது.

அதன்பிறகு நடந்ததை யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. நாற்காலி இரண்டு உடைந்தது. ஊர் மைதானத்துப் பக்கமிருந்து வெடிச்சத்தம். சர்ச் மணியை எவனோ அடித்தான். எர்னிங் தரையில் புரண்டு அழுதான். கடைசி விசில் அடித்தபோது அது யாருக்கும் கேட்கவில்லை. ரோஸெல் கோப்பையைத் தூக்கியபோதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

மெர்லியின் சட்டைப் பையில் அப்பாவின் போன் அதிர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் அவள் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். மெர்லி வாயில் விரலை வைத்துக் காட்டினாள். வீடு அப்படியே அடங்கியது. எடுத்த அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டு, குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா! பாத்தீங்களா? தலையால போட்டேன்! இந்தக் கார்மெலா லூசு, வலிக்குதான்னு கேக்காம, உங்கப்பா பாத்துட்டிருப்பாரு எழுந்திருடிங்கறா! ஹலோ? சிக்னல் இல்லையா? கொய்யா மரத்துப் பக்கம் நடங்கப்பா. ஏன், நடக்கிற சத்தமே கேக்கல?"

"ரோஸெல்," என்றாள் மெர்லி.

"அக்கா? அப்பா எங்க?"

மெர்லி சொன்னாள். இரண்டே வாக்கியம். அந்தப் பக்கம் பாட்டும் கூச்சலும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

"எப்போ?"

"விடியக்காலைல. விசில் வரைக்கும் சொல்லாதன்னு அவர்தான்..."

துக்கம் கேட்க வந்த நாற்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கால்ல என்ன போட்டிருக்காரு அக்கா?"

மெர்லி மூடியிருந்த கீழ்ப்பாதியைப் பார்த்தாள்.

புரிங் அத்தை எழுந்தாள். சமையலறைக்குப் போய், அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு, பச்சை பூட்ஸை எடுத்துக்கொண்டு வந்தாள். அடியில் ஒட்டியிருந்த மண்ணை முந்தாநாள் வாங்கிய புதுத் துண்டாலேயே துடைத்தாள். கீழ்ப்பாதி மூடியைத் தானே தூக்கினாள்.

"பச்சைன்னு சொல்லு," என்றாள் மெர்லியிடம்.

பிறகு இடது பூட்ஸின் கயிற்றை மட்டும் நன்றாகத் தளர்த்தினாள். அண்ணனுக்கு அந்தக் கால் சுண்டுவிரலில் ஆணி.