ஓர் ஏக்கர் எங்கே போனது

கமலநாயகி அக்காவின் வயலில் ஓர் ஏக்கர் குறைந்தது. மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் குறைந்தது.

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் நான் நீதிமன்றத்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளன். என்னிடம் வருபவர்களுக்கு முத்திரையோடு ஒரு விரிவுரையும் இலவசமாகக் கிடைக்கும். பிறப்புச் சான்றிதழுக்கு வந்த ஒருவர், நாள்காட்டியின் வரலாற்றைக் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டார். இப்போது பலரும் தாள்களைத் தபாலில் அனுப்பிவிடுகிறார்கள். அக்காவுக்கு அந்த விவரம் தெரியாது, நேரில் வந்துவிட்டார்.

அது 2003. போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்ததும், ஊரிலிருந்த அவருடைய தம்பி குணசேகரம் தகப்பனின் வயலை அளப்பித்து, சரிபாதியாகப் பிரிக்க ஆயத்தம் செய்திருந்தார். அக்காவுக்காகவும் அவரே கையெழுத்திட, அக்கா இங்கே அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை, பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் டெர்மின், நேரம் குறித்தாயிற்று.

என் சமையலறை மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. தகப்பனின் பழைய காணி உறுதிப் பத்திரத்தில் நாற்பத்தெட்டுப் பரப்பு வயல். தம்பி அனுப்பிய புதிய அளவைப் படத்தில் இரண்டு ஏக்கர். ஜெர்மன்காரருக்கு எங்கள் யாழ்ப்பாண நில அளவான பரப்பு விளங்காதே என்று, யாரும் கேட்காமலே, நான் ஓர் அடிக்குறிப்பு எழுதியிருந்தேன்: பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அந்தக் கணக்குப்படி மூன்று ஏக்கர் வர வேண்டும். அதையும் பெருமையோடு அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப ஒரு ஏக்கரை அவன் விழுங்கிப்போட்டான்," என்றார் அக்கா. கைப்பையிலிருந்து தொலைபேசி அட்டையை எடுத்து, அதன் இலக்கத்தைச் சுரண்டத் தொடங்கினார். "நான் இடுப்பிலை தூக்கி வளர்த்தவன். இண்டையோடை அவன்ரை உறவு முடிஞ்சுது. உங்கடை போனை ஒருக்கா தாங்கோ."

"பொறுங்கோ அக்கா. ஏக்கர் எண்டால் என்னெண்டு முதலிலை விளங்கவேணும்."

"எனக்கு விளங்கினது காணும் தம்பி."

எனக்குத்தான் போதாதே. ஏக்கர் என்ற ஆங்கிலச் சொல் முதலில் அளவைக் குறிக்கவில்லை, வெறும் வயலைத்தான் குறித்தது என்று ஆரம்பித்தேன். இங்கே வயலை ஆக்கர் என்கிறோமே, இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. பிறகுதான் அது ஒரு சோடி மாடு ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்று ஆனது. உழும் மாட்டை அடிக்கடி திருப்புவது சிரமம். அதனால் அந்தத் துண்டு நீண்டு ஒடுங்கியிருக்கும். அகலத்தைப்போலப் பத்து மடங்கு நீளம். இதை விளக்க மேசையடியில் இருந்த கதிரையை மாடாக்கி, குளிர்பெட்டி வரை இழுத்துப்போய்த் திருப்பியும் காட்டினேன்.

"மாட்டைக் கட்டிப்போட்டு இருங்கோ," என்றார் அக்கா, என் வீட்டுத் தொலைபேசியில் எண்களை அழுத்தியபடி. "நம்பர் பிழைக்குது."

"இஞ்சையும் மோர்கன் எண்டு ஒரு பழைய அளவு இருந்தது அக்கா. ஒரு காலமையிலை உழுற நிலம். ஆனால் ஊருக்கு ஊர் வேறை. களிமண்ணிலை மாடு மெல்லத்தானே போகும்?"

"எங்கடை பரப்பும் மாட்டாலையே அளந்தவை?"

"இல்லை, விதையாலை. இவ்வளவு விதை விதைக்கிற நிலம் ஒரு பரப்பு."

அக்காவின் விரல் நின்றது. "என்ன விதை?"

"விதைதான்."

"வயலுக்கை பிறந்து வளர்ந்தவள் நான். வரகு விதைக்கிற மாதிரியே நெல்லு விதைக்கிறது?"

நான் யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளை. வீட்டு வளவுகளைத்தான் பரப்பில் கேட்டிருக்கிறேன். வயலைப் பேருந்து யன்னலால் பார்த்ததுண்டு.

அக்கா மறுபடி எண்களை அழுத்த, நான் என் கைத்தொலைபேசியில் கணேசலிங்கம் அண்ணையை அழைத்தேன். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவர். இங்கே யன்னல் தொழிற்சாலையில் வேலை. நான் மாடு, மோர்கன் என்று தொடங்க, அவர் இடைமறித்தார்.

"மேட்டுக்காணியோ வயலோ, அதைச் சொல்லும்."

"வயல்."

"மேட்டுக்காணிக்கு வரகுப் பரப்பு. அது ஏக்கருக்குப் பதினாறு. வயலுக்கு நெல்லுப் பரப்பு, இருபத்துநாலு. இனி என்னைப் பாண் தின்ன விடும்."

அதற்குள் அக்காவின் அழைப்பு எடுபட்டுவிட்டது. "ஹலோ, அக்காவோ?" என்ற குரல் எனக்கும் கேட்டது. அக்கா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"பிழை என்னிலை," என்றேன். "உங்கடை தம்பி சரி."

அக்கா ஒரு மூச்சு விட்டார். "ஓம் தம்பி, நான்தான். வியாழக்கிழமை கையெழுத்து வைக்கிறன். சும்மா சொல்லத்தான் எடுத்தனான். சாப்பிட்டியோ?"

நான் பழைய அடிக்குறிப்பை வெட்டி, புதிதாக எழுதினேன்: வயலுக்கு நெற்பரப்பு இருபத்துநான்கு, ஓர் ஏக்கர். எனவே நாற்பத்தெட்டுப் பரப்பு, இரண்டு ஏக்கர்.